ஏழாவது கேள்விக்குப் போட்ட சரி

2003ஆம் ஆண்டு ஜனவரி பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு ஆனந்தராசா அண்ணை கசினோவுக்குப் புறப்பட்டார். வெளியே சுழியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை குளிர். மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் தொடர்மாடியின் வாசலில் அவரை வழியனுப்ப நான்கு பேர் நின்றோம். அவர் மனைவி புஷ்பவதி அக்கா, அவரோடு காட்ஸ் விளையாடும் மரியதாசன், சண்முகலிங்கம், பிறகு நான். விமானநிலையத்துக்குப் போகிறவரைக்கூட அவ்வளவு பேர் வந்து அனுப்பியதை நான் அந்தக் கட்டடத்தில் கண்டதில்லை.

அக்கா அவர் நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஒரு பையைக் கொடுத்தார். பைக்குள் நாலு றோல்ஸ், ஒரு கொப்பி, இரண்டு பென்சில். அவருடைய பணப்பையை வாங்கித் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டார். அண்ணையிடம் மிஞ்சியது போகவர இரண்டு மெத்ரோ டிக்கெட் மட்டும்.

"மச்சான், காசில்லாம கசினோவுக்குப் போற முதல் ஆள் நீதான்" என்றார் மரியதாசன். அவர் மட்டக்களப்புக்காரர். பக்கத்துப் பொதிசெய்யும் ஆலையில் வேலை.

"நான் விளையாடப் போகேல்லை. பாக்கப் போறன்."

"பாக்கிறதுக்கு ரீவி இருக்குத்தானே?" என்றார் சண்முகலிங்கம்.

"அவன்ரை சட்டம் என்னெண்டு தெரியாமல் காசை வைக்க நான் என்ன விசரனே?"

"சட்டம் சரியெண்டா?"

"சரியெண்டா வேலையை விடுறன்."

அப்படிச் சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கி நடந்தார். பச்சை லைன் மெத்ரோ எடுத்து, மஞ்சள் லைனுக்கு மாறி, ஆற்றின் நடுவிலுள்ள தீவில் இறங்க வேண்டும். பதினேழு ஞாயிறுகள் அவர் செய்யப்போகும் பயணத்தில் அது முதலாவது.

அவருக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதின்மூன்று வருடம். அதில் பதினொரு வருடம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் துணி மடித்தார். அது கட்டடத்தின் அடியில் இருந்தது. யன்னல் கிடையாது. காலை ஏழு மணிக்கு இறங்குவார், மூன்றரைக்கு ஏறுவார். மார்கழி, தை மாதங்களில் வெளிச்சம் என்று அவர் கண்டதெல்லாம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் அந்த ஒரு மணித்தியாலம். வேலையிடத்தில் யாரோடும் சண்டையில்லை, சம்பளமும் பிந்துவதில்லை. ஆனால் அந்த மேசையில் பன்னிரண்டாவது வருடமும் நிற்க அவருக்கு மனமில்லை. இதை அவர் சலிப்பாகச் சொல்லமாட்டார். "என்னை இருட்டில வளர்க்கினம், காளான் மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த வேலை அவருக்கு ஒரு வித்தையைக் கொடுத்திருந்தது. துவாய் அடுக்கைத் தூரத்தில் நின்று பார்த்தே "நாப்பத்தாறு" என்பார். எண்ணினால் நாற்பத்தாறுதான் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா மடித்து வைத்திருந்த துணிகளில் நான் பலமுறை சோதித்திருக்கிறேன்.

கசினோ எண்ணம் ஒரு தலையணை உறைக்குள் இருந்து வந்தது. சலவைக்கு வரும் துணிகளுக்குள் என்னென்னவோ வரும்: கண்ணாடி, பொய்ப்பல், செபமாலை, பாதி தின்ற ஆப்பிள். ஒருநாள் மேலட்டை இல்லாத ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்தது. விதிப்படி அதைத் தொலைந்த பொருட்கள் பகுதியில் கொடுத்தார். மூன்று மாதம் யாரும் கேட்டு வராததால் கண்டெடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பிளாக்ஜாக் என்ற சீட்டு விளையாட்டில், விழும் கடதாசிகளை எண்ணி வெல்வது எப்படி என்ற புத்தகம் அது.

எண்ணுவது குற்றமல்ல, ஏமாற்றும் அல்ல, மூளையை மட்டும் பாவிப்பது என்று முதற்பக்கத்திலேயே எழுதியிருந்தது. அந்த வரியின் கீழ் அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். இரண்டாம் அத்தியாயம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. கசினோவுக்குக் கசினோ விதிகள் வேறு. சில இடங்களில் எண்ணினால் பயன் உண்டு, சில இடங்களில் எவ்வளவு கெட்டிக்காரனும் நேரத்தைத்தான் வீணாக்குவான். ஆகவே காசை வெளியே எடுக்கமுன்னர் ஏழு கேள்விகளுக்கு விடை தேடு என்று சொல்லியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஒரு பயணம் முடிந்து அடுத்ததற்குக் காசு சேர்த்துக்கொண்டு அம்மாவீட்டில் இருந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்பதால் கட்டடத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். மார்கழியில் அண்ணை வந்து மேசையில் இருந்தார்.

"தாட்சா, பிரெஞ்சில ஒரு கடிதம் எழுதவேணும் பிள்ளை. வேலை விடுற கடிதம். மரியாதையா, சின்னனா."

மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். திகதி போடும் இடத்தை வெறுமையாக விடச்சொன்னார். அன்று மாலையே கடிதம் புஷ்பவதி அக்காவின் கையில் அகப்பட்டது. அவர் சத்தம் போடவில்லை. கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் குசினி மேசை லாச்சிக்குள் வைத்துச் சாத்தினார்.

"இது என்னட்டை இருக்கட்டும். அந்தக் கசினோவின்ரை சட்டம் சரியெண்டு முதல் எனக்கு விளங்கவேணும். அதுக்குப் பிறகுதான் இது லாச்சியை விட்டு வெளியில வரும்."

"உமக்கெப்பிடி விளங்கும்?"

"கடைசி நாள் நானும் வாறன். பாக்கிறன். சொல்லுறன்."

அண்ணை ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

அந்த லாச்சிக்குள் வேறொன்றும் கிடந்தது: நூற்றுக்கணக்கான சின்னக் கடதாசிகள், இரண்டிலிருந்து ஆறு வரை. ஏன் என்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் விளையாடுவது முந்நூற்றிநாலு. நாலு பேர், இரண்டு சோடி. புதுக் கட்டு வாங்கினால் முதல்வேலை இரண்டு முதல் ஆறு வரையுள்ள கடதாசிகளைப் பொறுக்கி எறிவதுதான். அவற்றுக்கு விளையாட்டில் இடமில்லை. மிச்சம் முப்பத்திரண்டு. அதில் ஜாக்தான் ராசா, முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது, இருபது புள்ளி. ஏஸ்கூட அதற்குப் பின்னால்தான். முப்பத்திரண்டும் கையில் வரும், முப்பத்திரண்டும் மேசையில் விழும். எது விழுந்தது, எது யாரிடம் மிஞ்சியிருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பவன் கடைசி இரண்டு பிடியில் ஆட்டத்தைத் தூக்குவான். ஆனந்தராசா அண்ணை அப்படித் தூக்குகிறவர். லாசாலில் அவருக்கு எதிராக இருக்க விரும்பியவர் யாருமில்லை.

எறியப்பட்ட சின்னக் கடதாசிகளைப் புஷ்பவதி அக்கா சேர்த்து வைத்தார். அவர் வீட்டிலேயே ஒரு கார்டெரி நடத்தினார். வேலைக்குப் போகும் தாய்மாரின் ஆறு குழந்தைகள் காலையில் வந்து மாலையில் போவார்கள். ஆறுக்கு மேல் அனுமதி இல்லை. இடம் கேட்டு வருகிறவர்களை மாதம் இரண்டு பேரையாவது திருப்பி அனுப்புவார். குழந்தைகளுக்கு எண் பழக்க அந்தச் சின்னக் கடதாசிகள்தான் பாடப்புத்தகம். மூன்றைத் தூக்கிக் காட்டினால் ஆறு வாயும் ஒன்றாக "த்ருவா!" என்று கத்தும்.

பிளாக்ஜாக்கில் எண்ணுவது சுலபம் என்றது புத்தகம். இரண்டு முதல் ஆறு வரை எது விழுந்தாலும் ஒன்றைக் கூட்டு. பத்தும் படமும் ஏஸும் விழுந்தால் ஒன்றைக் கழி. ஏழு, எட்டு, ஒன்பதை விட்டுவிடு. சின்னக் கடதாசிகள் தீரத் தீர மிச்சத்தில் பெரியவை கூடும், அது விளையாடுகிறவனுக்கு நல்லது. கணக்கு ஏறும்போது கூடுதலாக வை, இறங்கும்போது குறைவாக வை. முழுக்கட்டும் போட்டு முடிந்தால் கணக்கு சுழியத்தில் வந்து நிற்கவேண்டும்.

அண்ணைக்கு நிற்கவில்லை. அக்கா ஐம்பத்திரண்டு கடதாசிகளையும் ஒவ்வொன்றாக மேசையில் போட்டு முடித்துவிட்டுக் கேட்டார்.

"எத்தினை?"

"மைனஸ் இருபத்திநாலு."

"இருபத்திநாலோ? சின்னக் கடதாசி ஒண்டையும் காணேல்லையே நீங்கள்?"

"போட்டனீரே?"

"பின்னை? உங்கட முகத்துக்கு முன்னால போட்டனான்."

அவர் கண்ணுக்கு அவை தெரியவேயில்லை. முப்பது வருடமாக முந்நூற்றிநாலு விளையாடிய கண் அது. ஐந்தைக் கண்டால் எறியவேண்டிய குப்பையாக எண்ணித் தாண்டிப் போய்விடும். மருந்து அக்காவிடம்தான் இருந்தது. வேலைவிட்டு வந்ததும் அண்ணை கார்டெரிக் குழந்தைகளோடு தரையில் சப்பணம் கட்டி இருந்தார். அக்கா கடதாசியைத் தூக்கிக் காட்ட, "காத்ர்!" என்று குழந்தைகள் கத்த, "நாலு!" என்று அவரும் கத்தினார். முதல் வாரம் குழந்தைகள்தான் முந்தினார்கள். ஒரு மூன்று வயதுக்காரி அவர் பிந்தும்போதெல்லாம் அவர் தொடையில் அடித்தாள். இரண்டாம் வாரம் சமன். மூன்றாம் வாரம் குழந்தைகள் சலித்துப்போனார்கள், அவர் சலிக்கவில்லை.

அதற்குப் பிறகும் சுழியம் வரவில்லை. எப்போது எண்ணினாலும் மைனஸ் நாலு. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

"கட்டு பிழை" என்றார் அண்ணை. டொலர் கடையில் வேறொரு கட்டு வாங்கினார்கள். மைனஸ் நாலு.

அக்கா கொஞ்சம் யோசித்தார். கட்டிலிருந்து நாலு ஒன்பதையும் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி போட்டார்.

"எத்தினை?"

"சுழியம்! பாத்தீரே!"

"ஒன்பது விழேக்க என்ன செய்யிறனீங்கள்?"

"ஒண்டைக் கழிக்கிறன்."

"ஏன்?"

"ஏனோ? ஒன்பது பெரிசுதானே! இருபது பொயின்ற்!"

அக்கா சிரித்து முடிய வெகுநேரம் ஆனது. அடுத்த சனிக்கிழமை மரியதாசனுக்குச் சொன்னார்கள். அவர் சிரிக்காமல் முகத்தைச் சுளித்தார். "அதென்ன விளையாட்டு மச்சான், ஒன்பதுக்கு மரியாதை இல்லாம? அந்த மேசையில குந்தப்படாது நீ."

இது வீட்டில் நடந்த பாடு. ஞாயிறுகளில் கசினோவில் கேள்விகளுக்கு விடை சேர்ந்தது. காலையில் போவார், பின்னேரம் திரும்பும்போது கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்திருக்கும். பிரெஞ்சில் அச்சிட்ட விதித்தாளையும் கொண்டுவந்தார். அதை நான் வரிவரியாகச் சொன்னேன். எத்தனை கட்டுப் பாவிக்கிறார்கள்? எட்டு. அது அதிகம், என்றாலும் பொறுக்கலாம். முதல் இரண்டு கடதாசியிலேயே இருபத்தொன்று வந்தால் வைத்ததைப் போல ஒன்றரை மடங்கு தருகிறார்களா? ஓம். கடதாசி பங்கிடும் கசினோப் பெண் தன் கையில் பதினேழு வந்ததும் மேலும் எடுக்காமல் நிற்கிறாளா? ஓம், எப்போதும். வைத்த காசை இரட்டிப்பாக்க விடுகிறார்களா, சோடி வந்தால் பிரித்த பிறகும் விடுகிறார்களா? இரண்டுக்கும் ஓம். கலைப்பது கையாலா, இயந்திரத்தாலா? இயந்திரமென்றால் எழும்பி வீட்டுக்குப் போ என்றது புத்தகம். இவர் பார்த்த மேசையில் கையால்தான்.

ஒவ்வொரு சரியையும் தடித்த பென்சிலால் போட்டார். ஒவ்வொரு சரிக்கும் மூன்று ஞாயிறு எடுத்தார். ஒரு பெண் பதினேழில் நின்றால் போதாது, நாலு பெண்கள் நாலு நாளில் நிற்பதைப் பார்க்கவேண்டும் என்பார். ஒரு சதமும் வைக்காமல் நின்றுகொண்டே பார்க்கும் மனிதர் அங்குள்ளவர்களுக்கும் பழகிப்போனார். ழினெட் என்று ஓர் ஐம்பது வயதுப் பெண் பங்கிடுவார். இவரைக் கண்டதும் "பொன்ஜூர், ம்சியூ ப்ரொஃபெசர்!" என்பார். இவர் தலையைக் குனிந்து "பொன்ஜூர்" என்பார்.

"ஏன் அந்த மேசையையே பாக்கிறனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பக்கத்தில யன்னல் இருக்கு பிள்ளை. ஆறு தெரியும். மாசியில ஐஸ் உடைஞ்சு போறது தெரியும்."

ஏழாவது கேள்வி புத்தகத்தில் ஒரே வரிதான். அதன் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாமல் என்னிடம் காட்டினார். பங்குனி மாதம், அவர்கள் குசினி. நான் வாசித்துச் சொன்னேன்.

"எவ்வளவு ஆழத்துக்குப் போகினம் எண்டு பாக்கட்டாம்."

"என்ன ஆழம்?"

"கட்டுக்குள்ள. எத்தினை கடதாசி போட்ட பிறகு திரும்பக் கலைக்கினம் எண்டு."

"அதென்ன கேள்வி? முடியத்தானே கலைப்பினம்" என்று சொல்லிச் சரியைப் போட்டார். மூன்று ஞாயிறு எடுக்கவில்லை, மூன்று வினாடிகூட எடுக்கவில்லை. முந்நூற்றிநாலு மேசைக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கும் அது கேள்வியாகத் தெரியவில்லை. கையில் வந்த கடதாசி மேசையில் விழாமல் எங்கே போகும்?

ஆறு சரி, ஒரு 'பொறுக்கலாம்'. சித்திரை முடியும்போது கடிதம் கிட்டத்தட்ட லாச்சிக்கு வெளியே வந்துவிட்டது. மரியதாசன் லாசால் முழுக்கச் சொல்லிவிட்டார். டெபனர் கடைக்காரன்கூடக் கேட்டான், எப்போது ராஜினாமா என்று.

மே நாலாம் திகதி பதினேழாவது ஞாயிறு. புஷ்பவதி அக்கா மாம்பழ நிறச் சேலை கட்டி, கைப்பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். ழினெட்டோடு கதைக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார்கள்.

"கலியாணவீட்டுக்கே?" என்றார் வாசலில் நின்ற சண்முகலிங்கம்.

"திங்கட்கிழமைக்குத் தெரியும், கலியாணவீடோ செத்தவீடோ எண்டு" என்றார் அக்கா.

ழினெட் அக்காவின் சேலையைப் பார்த்துக் கையைத் தட்டினார். நாங்கள் மூவரும் மேசைக்குப் பின்னால் நின்றோம். புதிதாகக் கலைத்த எட்டுக் கட்டும் பெட்டிக்குள் போயின. நடுவில் எங்கோ ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் அட்டையைச் செருகியிருந்தார்கள். அது வெளியே வந்தால் கலைக்கும் நேரம் கிட்டிவிட்டது என்பது அண்ணைக்குத் தெரியும்; மிச்சத்தையும் போட்டுவிட்டுத்தான் கலைப்பார்கள் என்று நினைத்திருந்தார். அட்டை வந்ததும் தன் கணக்கை எழுத அவர் யன்னலோரம் போய்விடுவது வழக்கம். மேசைக்குப் பக்கத்தில் நின்று எழுதுவது மரியாதையில்லை என்று நினைத்தார்.

கடதாசி விழத்தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டம் முடியவும் இருவரும் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"பிளஸ் மூண்டு."

"மூண்டுதான்."

"பிளஸ் ரெண்டு."

"ஓம்."

ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஒன்பது விழும்போது மட்டும் அக்கா கணவரின் கையை மெல்லக் கிள்ளினார். அரை மணித்தியாலம் போனது. கணக்கு ஏறி ஏழு, எட்டு, பதினொன்று என்று வந்தது. அண்ணையின் காது சிவந்தது.

"இப்ப பாருமப்பா. இனித்தான் பெரிசெல்லாம் வரப்போகுது. இப்பதான் காசு வைக்கவேணும்."

மஞ்சள் அட்டை வந்தது. ழினெட் அந்த ஆட்டத்தை முடித்தார். அண்ணை கொப்பியை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். அக்கா திரும்பவில்லை.

"இஞ்சாருங்கோ. மிச்சம்?"

"என்ன மிச்சம்?"

"பெட்டிக்குள்ள கிடக்கிறது. அதை ஏன் விளையாடாமல் எடுக்கிறா?"

அண்ணை திரும்பிப் பார்த்தார். விழுந்து முடிந்த கடதாசிகள் ஒரு பக்கம் அடுக்காக இருந்தன. ழினெட் பெட்டிக்குள் கையை விட்டு, விழாத கடதாசிகளை இரண்டு கையாலும் அள்ளி அதற்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கணம் இரண்டு அடுக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பதினொரு வருடம் துவாய் அடுக்கிய கண்ணுக்கு அந்த ஒரு கணம் போதும்.

"நாலு கட்டு" என்றார். பிறகு மற்றதைப் பார்த்தார். "நாலு கட்டு."

பதினாறு ஞாயிறு அவர் யன்னலோரம் முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த இரண்டு அடுக்கும் இப்படியேதான் நின்றிருக்கின்றன.

"தாட்சா, கேள் பிள்ளை. எப்பவும் உப்பிடித்தானோ?"

கேட்டேன். ழினெட்டுக்கு அது ரகசியமே இல்லை. "எப்போதும் பாதியில்தான்" என்று கலைத்துக்கொண்டே சொன்னார். "கடைசிவரைக்கும் போட்டால் உங்கள் ப்ரொஃபெசர் எங்கள் எல்லோரையும் தின்றுவிடுவாரே!" சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அதை மொழிபெயர்த்தேன். அண்ணை அவருக்குத் தலையைக் குனிந்து "மெர்சி" என்றார்.

வெளியே வந்து ஆற்றைப் பார்த்தபடி ஒரு வாங்கில் இருந்தோம். ஐஸ் எல்லாம் போய், தண்ணீர் மண்ணிறமாக ஓடியது. அண்ணை கொப்பியை விரித்து, ஏழாவது சரியை அழிறப்பரால் தேய்த்தார். தடித்த பென்சில், முழுதாக அழியவில்லை. அதன் மேலேயே ஒரு பெரிய பிழை போட்டார். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு முறை கலைத்தபோதும் கணக்கு எத்தனையில் நின்றது என்று எழுதி வைத்திருந்தார் அல்லவா, அது இப்போது உதவியது. நூற்றுநாற்பது தடவை எட்டுக் கட்டும் கலைக்கப்பட்டிருந்தன. அதில் கணக்குப் பத்தைத் தாண்டியது பத்தொன்பது தடவை. தாண்டியதும் அநேகமாக மஞ்சள் அட்டைக்குச் சற்று முன்னர்தான். பத்தொன்பது தடவையும் கூட்டினால் காசு வைக்க உகந்த ஆட்டங்கள் அறுபதுக்கு உள்ளே.

"பதினாறு ஞாயிறுக்கு அறுபது ஆட்டம்" என்றார்.

"ஒரு நாளைக்கு நாலு" என்றார் அக்கா. "நாலு ஆட்டத்துக்கு ஆரும் வேலையை விடுவினமே?"

"அந்த நாலையும் வெல்லுவன் எண்டும் இல்லை. மற்ற நேரமெல்லாம் சும்மா குந்தியிருக்கவேணும்."

"அப்ப சட்டம் சரியில்லை."

"ஆறு சட்டம் சரி. ஏழாவதாலதான் மற்ற ஆறும் வீண்."

அக்கா கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். "இதை என்ன செய்யிறது?"

அண்ணை அதை வாங்கவில்லை. ஆற்றையே பார்த்தார். "நாளைக்கு ஏழு மணிக்குத் திரும்ப இறங்கவேணும்" என்றார்.

அக்கா றோல்ஸ் பொதியை அவிழ்த்து ஆளுக்கொன்று கொடுத்தார். அவர் பாதி தின்னும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"சட்டம் வாசிக்க அவ்வளவு ஆசையெண்டா என்னட்டையும் ஒரு புத்தகம் கிடக்கு. கார்டெரிச் சட்டம். அரசாங்கத்தின்ரை. ஆறு வருசமா நான் முதல் பத்துப் பக்கத்துக்கு மேல வாசிக்கேல்லை."

"அதில என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே ப்ரொஃபெசர்."

அண்ணைக்குச் சிரிப்பு வந்து றோல்ஸ் புரையேறியது. அக்கா முதுகில் தட்டினார். கடிதம் கைப்பைக்குள் போய், மாலையில் லாச்சிக்குள் சின்னக் கடதாசிகளின் மேல் திரும்பக் கிடந்தது.

திங்கட்கிழமை அவர் ஏழு மணிக்கு வேலைக்குப் போனார். சனிக்கிழமை முந்நூற்றிநாலு மேசையில் இருந்தார். மரியதாசன் கடதாசிகளைப் பங்கிட்டு, பாதியில் நிறுத்தி, மிச்சத்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னடா?"

"மிச்சம் மறுகா மச்சான். மேலிடத்துக் கட்டளை."

அந்தப் பகிடி அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. யார் தோற்கத் தொடங்கினாலும் "கலைப்பமோ?" என்பார்கள். அண்ணை கோபிப்பதில்லை. அவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கடைசி இரண்டு பிடியில் ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவார்.

மே கடைசியில் நான் மொன்றியலை விட்டுப் போனேன். போகமுன்னர் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணை குசினி மேசையில் ஒரு தடித்த புத்தகத்தோடும் புதுக் கொப்பியோடும் இருந்தார். முதற்பக்கத்தில் '1' என்று எழுதி வட்டமிட்டிருந்தது. பிரெஞ்சு அகராதி ஒன்று கேட்டார். என்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்து வருடத்துக்கு மேல் நான் திரும்பி வரவில்லை. 2008 செப்டெம்பரில், பெருவில் ஒரு மலைநகரத்தின் இன்ரர்நெற் கடையில் மின்னஞ்சலைத் திறந்தபோது, அவரிடமிருந்து ஒரு கடிதம் இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார். அதை அவர் குரலில் இங்கே எழுதுகிறேன்.

"தாட்சா பிள்ளைக்கு, ஆனந்தராசா எழுதுறது. இண்டைக்குக் காலமை கடிதம் குடுத்திட்டன். நீ எழுதின அதே கடிதம்தான், திகதி மட்டும் போட்டனான். மடிச்ச இடம் கொஞ்சம் மஞ்சள் பிடிச்சுப்போச்சு, மனேச்சர் வடிவாச் சிரிச்சவர். கார்டெரிச் சட்டத்தில அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு விசயம் கிடந்தது. பெரிய ஆள் ஒருத்தர் உதவிக்கு நிண்டால் ஆறுக்குப் பதிலா ஒன்பது பிள்ளையள் வைக்கலாம். அந்த உதவியாள் நான். வீடு மாறினோம், கீழ்வீடு, ஏழு யன்னல். பயிற்சி எடுத்தன், பிரெஞ்சும் எடுத்தன். இந்தமுறை ஏழு கேள்வி இல்லை, நாப்பத்தொரு கேள்வி. ஒவ்வொண்டையும் போய்ப் பாத்துத்தான் சரி போட்டனான். அதாலதான் இவ்வளவு பிந்தினது. மரியதாசனுக்குச் சொன்னன், ஒன்பது பெரிசு எண்டு நான் அப்பவே சொன்னனான் எண்டு. திங்கட்கிழமை தொடங்குறம்."

அதன் கீழே அக்கா ஒரு வரி சேர்த்திருந்தார்.

"தாட்சா, சுகமே? சின்னக் கடதாசி எல்லாம் பத்திரமாக் கிடக்கு, இனி அதுதான் இவருக்கு வேலை. ஆனால் இண்டைக்கும் ஐஞ்சைத் தூக்கிக் காட்டினால் பிள்ளையள்தான் முதல் சொல்லுதுகள்."